கோந்துவின் கையுறை

ரொட்டிக் கடையின் பின்கட்டில் நின்ற இரும்பு ரேக்குக்கு நான்கு சக்கரங்கள். முன்பக்கத்து இடது சக்கரம் மூன்று மழைக்காலமாகச் சுற்றுவதில்லை. ரேக்கை நகர்த்த வேண்டுமென்றால் முதலில் அந்தச் சக்கரத்துக்கு ஓர் உதை கொடுக்க வேண்டும், பிறகு இடுப்பால் முட்டுக் கொடுத்துத் தள்ள வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். எண்ணெய் விடுகிறேன், எண்ணெய் விடுகிறேன் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். உதைக்கப் பழகிவிட்டதால் விடவில்லை.

அன்று சனிக்கிழமை. விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. வானம் மூட்டம் போட்டிருந்தது. ஈரக்காற்று அடித்தால் மாவு பொங்குவதற்குச் சோம்பல் படும். கடைக்காரர் மாவுத் தொட்டியை அடுப்பின் பக்கமாக இழுத்து வைத்து, ஈரத்துணியால் மூடி, விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் அவர் மனைவி பன் உருட்டினாள். உள்ளங்கைக்கு ஓர் உருண்டை; இரண்டு கைகளும் எதிரெதிராகச் சுழலும்; கையை எடுத்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமாகி வந்த வாரத்திலேயே கை தானாகக் கற்றுக்கொண்டது. அதைப் பார்த்த மாமனார், "இந்தக் கை இதுக்கு முன்னாடி என்ன வேலை பண்ணிட்டிருந்துது?" என்று கேட்டார். "பந்து பிடிச்சுக்கிட்டிருந்துது மாமா" என்றாள். அவர் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

"அண்ணி, இன்னிக்கு உங்களுக்கு மெடல் போடறாங்க. இன்னிக்குமா மாவு உருட்டணும்?" என்றாள் நாத்தனார், கல்லாவைத் துடைத்துக்கொண்டே.

"மெடல் விழாவுக்குப் போற பன்னே நம்ம பன்தானே. நான் உருட்டாம யாரு உருட்டுவா?"

"நல்லாருக்கு. நீங்களே உருட்டி, நீங்களே எடுத்துட்டுப் போய், நீங்களே தின்னுட்டு, நீங்களே கை தட்டிட்டு வாங்க. அவங்களுக்கு வேலையே இல்ல."

நாத்தனாருக்கு இந்தச் செய்தி இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை. வாரத் தொடக்கத்தில் தொலைபேசியை எடுத்தது அவள்தான். ஒரு வயதான அம்மாள் குரல், "கோந்து இருக்காளா?" என்று கேட்டது. "இது ரொட்டிக் கடைங்க. கோந்து வேணும்னா ஸ்டேஷனரி கடையில கேளுங்க" என்று வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. மறுபடியும் கோந்து. "அம்மா, பன் இருக்கு, ரொட்டி இருக்கு, பிஸ்கட் இருக்கு, கோந்து மட்டும் இல்ல" என்று அவள் கத்திக்கொண்டிருந்தபோது, பின்கட்டிலிருந்து அண்ணி மாவுக் கையோடு ஓடி வந்து ரிசீவரைப் பிடுங்கினாள். "மிஸ்! நான்தான் மிஸ், கோந்துதான் பேசறேன்" என்றாள். அந்தக் குரலை நாத்தனார் அதுவரை கேட்டதேயில்லை. வீட்டுக்குள் வேறொருத்தி இத்தனை வருஷமாகக் குடியிருந்திருக்கிறாள், வாடகைகூடக் கொடுக்காமல் என்று பிறகு அண்ணனிடம் சொன்னாள்.

அண்ணி படித்தது ஒரு சின்னக் கல்லூரி. ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் சமையல்கூடத்தின் புகைபோக்கி, இன்னொன்றுக்குப் பின்னால் சைக்கிள் கொட்டகை. அவள் படித்த காலத்தில் பெண்கள் கால்பந்து அணிக்குப் பதினோரு பேர் சேர்வதே பெரும்பாடு. யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, யாருக்கும் வரன் வரக்கூடாது. அப்படிப்பட்ட அணி ஒரு வருஷம் எல்லாப் பெரிய கல்லூரிகளையும் தாண்டி இறுதி ஆட்டம் வரை போனது. கோலில் நின்ற இவள் கைக்கு வந்த பந்து ஒட்டிக்கொண்டது, அதனால் கோந்து. பயிற்சி கொடுத்த விசில் மிஸ் மட்டும் கோட்டுக்கு வெளியிலிருந்து தொண்டை கிழியக் கத்துவார்: "குத்துடி! எல்லாத்தையும் பிடிக்கணும்னு நினைக்காதே, குத்தி வெளிய தள்ளு!" அவளுக்குக் குத்த மனம் வராது. குத்தினால் பந்து போய்விட்டுத் திரும்பி வரும். பிடித்து மார்போடு அணைத்துவிட்டால் கதை முடிந்தது. எதையும் முடித்து வைத்தால்தான் அவளுக்கு மூச்சு சீராகும்.

இறுதி ஆட்டத்தில் மழை. நனைந்த பந்து. பிடிக்கப் போனாள், கைகளுக்கிடையே வழுக்கிக்கொண்டு வலைக்குள் போனது. அந்த ஒரே கோலில் தோற்றார்கள். இதை அவள் மறைத்ததில்லை. மகளுக்குச் சோறூட்டும்போதே சொல்லியிருக்கிறாள்.

மகள் இப்போது அதே கல்லூரியில் முதல் வருஷம், அதே அணியில் முன்வரிசை. அன்று சாயங்காலம், அணியின் மிகச் சிறந்த பழைய ஆட்டக்காரிகள் என்று தேர்ந்தெடுத்த ஏழு பேருக்கு மெடல். அதன்பிறகு பழைய அணிக்கும் புதிய அணிக்கும் ஓர் ஆட்டம்.

"எங்க விளையாட்டு ரூம்ல உங்க டீம் போட்டோ மாட்டியிருக்காங்கம்மா" என்றாள் மகள், பூட்ஸைத் தட்டி மண்ணை உதிர்த்துக்கொண்டே. "அதுல உன் முகமே தெரியல. பந்துதான் தெரியுது. நீதான்னு நான் சொன்னா யாரும் நம்பல."

"நீ நம்பினியா?"

"நம்பாம? கதை நல்லா இருந்துச்சே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அந்தக் 'கதை' என்ற சொல் மாவோடு சேர்ந்து கொஞ்ச நேரம் கைக்குள் உருண்டது. தன் உடம்பு ஒரு காலத்தில் என்ன செய்தது என்பதற்கு இந்த வீட்டில் ஒரு சாட்சிகூட இல்லை. கணவனுக்கு அவள் கை பன் உருட்டும் கை. நாத்தனாருக்குக் கணக்காகச் சில்லறை எண்ணித் தரும் கை. மெடல் கிடக்கட்டும், ஒரே ஒரு தடவை, இவர்கள் பார்க்க, கோலில் நிற்க வேண்டும். குறிப்பாக இந்தப் பெண் பார்க்க வேண்டும். அந்த ஆசையின் அளவு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கடைசித் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வந்தபோதுதான் அது நடந்தது. கடைக்காரர் தட்டை ரேக்கின் மேல்தளத்தில் வைத்தார். மகள் அவசரத்தில் ரேக்கை இழுத்தாள். சக்கரத்தை உதைக்க மறந்துவிட்டாள். ரேக் ஒரு குலுங்கு குலுங்கியது. மேல்தட்டு மெல்ல வழுக்கி விளிம்புக்கு வந்து, சாய்ந்து, விழுந்தது.

"விடு! சூடு! விடு!" என்று கடைக்காரர் அலறினார்.

அம்மா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். எப்படி இந்தப் பக்கம் வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. முழங்கால் மடிந்து, இரண்டு கைகளும் விரிந்து, அடுப்புச் சூட்டோடு வந்த இரும்புத் தட்டை வெறுங்கையில் தாங்கிப் பிடித்திருந்தாள். பிடித்ததும் போடவில்லை. நிமிர்ந்து, மேசைக்குப் போய், வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

"ஒரு பன்கூடக் கீழ விழல" என்றாள் நாத்தனார், வாய் பிளந்து.

"பன்னாம் பன்!" கடைக்காரர் அவளை இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டார். "போனா போகுதுன்னு விடத் தெரியாதா உனக்கு? இருபது வருஷமா அடுப்படியில நிக்கற. துணியில்லாம தட்டைத் தொடக்கூடாதுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"விழறதைப் பாத்துக்கிட்டு நிக்கத் தெரியலைங்க" என்றாள். அப்போதுதான் எரிச்சல் ஏறி, கண்ணில் நீர் வந்தது.

தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் சிவந்து, விரல்களின் அடியில் கொப்புளம் கிளம்பியது. மகள் பக்கத்தில் வந்து, "என்னாலதான்மா, சக்கரத்தை உதைக்கல" என்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீ இன்னிக்கு ஆட வேணாம். மெடல் மட்டும் வாங்கிக்கோ" என்றாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அழுகைக்கு அடியில், மிகச் சின்னதாக, ஒரு நிம்மதி ஓடியது. பெற்றவளுக்கு அது தப்புமா? அம்மா பருத்த உடம்போடு தன் சிநேகிதிகள் முன்னால் விழுந்து புரண்டு சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டாம் என்ற நிம்மதி. இத்தனை நாளும் அந்தப் பெண் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். கையில் எரிந்தது அந்த நிமிஷத்தில் மறந்துபோய், வேறெங்கோ எரிந்தது.

மத்தியானம் கடை வாசலில் ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வந்து நின்று, நீளமாக ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்தவள் ரயில். அந்தக் காலத்தில் வலது ஓரத்தில் பந்தோடு ஓட ஆரம்பித்தால் நிறுத்தம் பார்க்க மாட்டாள், அதனால் ரயில். இப்போது பேருந்து ஓட்டுகிறாள். அவளுக்குப் பின்னால் இறங்கியவள் வக்கீல். நடுவரோடு வாதாடியே இரண்டு முறை வெளியேற்றப்பட்டவள். படித்ததென்னவோ நர்ஸ் படிப்பு.

"கோந்து! எங்கடி இருக்க? காயறதுக்குள்ள வாடி!"

கையைப் பார்த்ததும் இருவரும் அடங்கினார்கள். வக்கீல் பையைத் திறந்து, களிம்பு தடவி, வலைத்துணி வைத்து, ஒரு மணப்பெண்ணுக்குச் செய்வதுபோல் பொறுமையாகக் கட்டுப் போட்டாள்.

"ஆட முடியாது" என்றாள் கடைசியில்.

"உள்ளங்கையிலதானேடி பட்டிருக்கு. விரல் முட்டியப் பாரு. முட்டிக்கு என்ன?"

"முட்டிக்கு ஒண்ணுமில்ல. ஆனா கையை மூடினா வலிக்கும்."

"வலிக்கட்டும்."

"வாயை மூடு. பேஷண்ட் வாதாடக்கூடாது, அது என் வேலை."

"நான் கோல்ல நிக்கறேன், விடுங்க" என்றாள் ரயில்.

"நீ நின்னா பஸ் ஸ்டாப்புன்னு நினைச்சு வர்ற பந்தெல்லாம் உள்ள ஏறி உக்காந்துக்கும்" என்றாள் வக்கீல்.

மூவரும் சிரித்த சிரிப்பில் கல்லாவில் நின்ற வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார். நாத்தனார் அவருக்கு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, "எங்க அண்ணி. மெடல் வாங்கப் போறாங்க" என்றாள், தனக்கு அது பிறந்த நாளிலிருந்தே தெரியும் என்பதுபோல.

கட்டுக்கு மேல் பழைய கோல்கீப்பர் கையுறை ஏறவில்லை. ரயில் ஒரு பக்கம் இழுத்தாள், அவள் பல்லைக் கடித்தாள், வக்கீல் திட்டினாள். இதுவரை அடுப்பு வாயைச் சுரண்டிக்கொண்டிருந்த கடைக்காரர் எழுந்து வந்தார். சுவரில் ஆணியில் தொங்கிய அடுப்புக் கையுறைகளை எடுத்தார். பஞ்சு வைத்துத் தைத்தவை, கட்டை விரலுக்குத் தனி அறை, மற்ற நான்கு விரலுக்கும் பொது அறை, விளிம்பெல்லாம் கருகியவை. மாவைத் தட்டி உதறிவிட்டு, அவள் கையில் ஒன்றொன்றாக மாட்டினார். அளவெடுத்ததுபோல ஏறியது.

"காலையில போட்டிருக்க வேண்டியது" என்றார். "இப்பவாவது போடு."

"என்னங்க, எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ போகாம இங்க உக்காந்து பெருமூச்சு விட்டா என் மாவு அமுங்கிடும்."

பன் கூடைகளும் மனிதர்களுமாகப் பேருந்து நிறைந்தது. வழியெல்லாம் தூறல். கடைக்காரர் கூடைகளின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்கு அன்று அரைநாள் விடுமுறை; அது நாத்தனார் எடுத்த முடிவு.

மைதானத்தில் கால் வைத்ததும் அவளுக்கு முதலில் வந்தது மணம். நனைந்த புல், சைக்கிள் துரு, சமையல்கூடத்துப் புகை. எதுவும் மாறவில்லை. விசில் மிஸ் தடியை ஊன்றிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். கல்லூரி எழுதிக் கொடுத்த தாளைப் பார்க்கக்கூட இல்லை. எல்லாரையும் பட்டப்பேரிட்டே கூப்பிட்டார். ரயில் என்றதும் மாணவிகள் கூவென்று ஊதினார்கள். வக்கீல் மேடையேறி, ஒரு பழைய ஆஃப்சைடு தீர்ப்பு தப்பு என்று மைக்கிலேயே மேல்முறையீடு செய்தாள். கடைசியில் கோந்து. கட்டுப் போட்ட கையால் மெடலை வாங்க முடியவில்லை. மிஸ் கழுத்தில் மாட்டிவிட்டு, காதருகே குனிந்தார்.

"எப்படிடி ஆச்சு?"

"தட்டு விழுந்துது மிஸ். பிடிச்சேன்."

"இன்னும் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கியா நீ?" என்றார் மிஸ். "முட்டாள் கழுதை." கண் கலங்கியிருந்தது.

அடுப்புக் கையுறையோடு அவள் கோலுக்கு நடந்தபோது எதிர்பார்த்த சிரிப்பு எழுந்தது. "ஆன்ட்டி, கேக் வெந்துடுச்சா?" என்று எவளோ கத்தினாள். எதிரணி வரிசையில் மகள் தலையைக் குனிந்துகொண்டு பூட்ஸ் கயிற்றை மறுபடி மறுபடி கட்டினாள்.

முதல் பந்து சாதாரணமாகத்தான் வந்தது. கை பழக்கத்தில் விரிந்தது, பிடிக்கப் போனாள். விரல்களே இல்லாத பஞ்சுக் கை. பந்து அதில் பட்டு, நழுவி, கோட்டைத் தாண்டி உருண்டது. மைதானமே சிரித்தது.

"எதுக்குடி பல்லைக் காட்டறீங்க?" என்று ஒரு குரல் கூட்டத்திலிருந்து கிழித்துக்கொண்டு வந்தது. நாத்தனார் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். "கொதிக்கற தட்டை வெறுங்கையில பிடிச்சவ அவ! உங்கள்ல ஒருத்தி பிடிப்பாளா? இப்ப தின்னுட்டு உக்காந்திருக்கீங்களே, அந்த பன்னு!"

கடைக்காரர் தங்கையின் சேலை நுனியைப் பிடித்து இழுத்தார். அவள் இறங்கவில்லை.

கோந்து வலையிலிருந்து பந்தை எடுத்து வீசினாள். உடம்பு சூடேறிக்கொண்டிருந்தது. மூச்சு இரைத்தது, முழங்கால் முனகியது. ஆனாலும் கண் மட்டும் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தது. யார் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, யார் தலை நிமிராமல் அடிப்பாள் என்று அது தானே பார்த்துக்கொண்டது. அடுத்து வந்ததைக் காலால் தடுத்தாள். அதற்கடுத்ததை மார்பில் வாங்கினாள். சிரிப்பு குறைந்து, "ஹோ" என்ற சத்தம் வர ஆரம்பித்தது.

அப்போது மகள் பந்தோடு வந்தாள். வக்கீலைத் தாண்டி, இன்னொருத்தியைத் தாண்டி, தனியாக. நல்ல ஓட்டம். இத்தனை அழகாக ஓடுகிறாளே என்று ஒரு நொடி தாய்மனம் குறுக்கே வந்தது, தள்ளிவிட்டாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கால் தளர்ந்தது. பந்து குழந்தை விளையாட்டுப்போல மெல்ல உருண்டு வந்து அம்மாவின் காலடியில் நின்றது.

அவள் அதைக் காலால் அமுக்கினாள். இரக்கம். காலையில் குழாயடியில் பார்த்த அதே முகம். வலியைவிட அதுதான் தாங்கவில்லை.

"என்னடி அடி இது?" என்று கத்தினாள். மைதானம் முழுக்கக் கேட்டது. "வீட்டுல உக்காந்திருக்கற அம்மாவுக்கா அடிக்கற? கோல்ல நிக்கறவளுக்கு அடி!"

பந்தை நேராக மகளின் காலுக்கே உதைத்தாள்.

"யாருக்குடி அடிக்கற, கோந்து! நம்ம ஆளுக்கு அடிடி!" என்று வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டாள். விசில் மிஸ் ஊதலாமா என்று விசிலை வாயருகே கொண்டுபோய், ஊதாமல் நின்றார்.

மகள் சிவந்துபோனாள். அவமானமா, கோபமா, அவளுக்கே தெரிந்திருக்காது. பந்தை நிறுத்தினாள், ஓர் எட்டு பின்னால் போனாள். இந்தத் தடவை நிமிர்ந்து கண்ணைப் பார்த்தாள். பிறகு முழுக்காலையும் வீசி அடித்தாள்.

வலது மேல்மூலை. தூறலில் நனைந்து, சுழன்று, எழும்பிக்கொண்டே வந்தது பந்து. அவள் உடம்பு அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. காற்றில் இருந்தபோது பழைய ஆசை வந்தது, பிடி, அணை, முடித்துவிடு என்று. இந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது. கையுறைக்குள் விரல்களை மடக்கினாள். கொப்புளங்கள் உடைந்தன. குத்தினாள்.

பஞ்சு முட்டியில் பந்து பட்ட சத்தம் மாவு மூட்டையைத் தரையில் போட்டதுபோலக் கேட்டது. பந்து கம்பத்துக்கு மேலாகப் போய், சைக்கிள் கொட்டகைக் கூரையில் இடித்துத் திரும்பி விழுந்தது. அவள் சேற்றில் தோள் பட விழுந்து, புரண்டு, உட்கார்ந்தாள்.

மைதானம் வெடித்தது. ரயில் ஹாரன் மாதிரி கத்தினாள். மிஸ் தடியைத் தூக்கிக் காற்றில் குத்தினார். புதிய அணிப் பெண்கள் தங்கள் பந்து போனதைக்கூட மறந்து கை தட்டினார்கள். நாத்தனார் நாற்காலியிலிருந்து விழப் போக, கடைக்காரர் பிடித்துக்கொண்டார். அவர் கண் மட்டும் தங்கைமேல் இல்லை. தன் அடுப்படியில் இத்தனை காலம் நின்றவளை, யாரோ புதிதாக ஊருக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி மூலையிலிருந்து அடிக்கும் கார்னர். பந்தை எடுக்க ஓடிய மகள், கோல் கம்பத்தைக் கடக்கும்போது நின்றாள். முகமெல்லாம் சேறு, அதற்குள் பல் தெரிந்தது. கை வலிக்கிறதா என்று கேட்பாள் என்று நினைத்தாள் அம்மா. கேட்கவில்லை.

"பாத்துக்கோ கோந்து" என்றாள் மூச்சு வாங்க. "இன்னொண்ணு வருது."

அவள் எழுந்தாள். கோட்டின் நடுவில் போய் நின்று, இரண்டு கை முட்டிகளையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டாள். கருகிய கையுறையின் மடிப்புக்குள் நனையாமல் தங்கியிருந்த காலையின் மாவு கொஞ்சம் புகைபோலப் பறந்தது.

"வரட்டும்" என்றாள்.